பரட்டை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். வழக்கமாகக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நடக்கும் பேச்சு அன்று கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் தங்கை ஒருத்தி, "அக்கா, சுருட்டை முடிக்கு எந்த ஷாம்பு வாங்கலாம்? கையில நானூறு ரூபாதான் இருக்கு" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்ததும் மூத்த தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "சாதி ஒழிப்பைப் பேசக் கூடினா ஷாம்பு பேசுறீங்களே தோழர். இதெல்லாம் மேட்டுக்குடிப் பொம்பளைங்க பேச்சு" என்றார். இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். கேட்ட பிள்ளை துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அந்தத் துப்பட்டாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோழர் படிப்பார். படிக்கட்டும்.

அவள் ஏன் தலையை மூடினாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு, அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். பி.காம். முடித்தவள். அப்பா சித்தாள் வேலையில் தொடங்கிக் கொத்தனார் ஆனவர், அம்மா நூற்பாலையில். ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். மேலாளர் மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை. பில் போடத் தெரியுமா என்று கேட்கவில்லை. முதலில் "எந்தத் தெரும்மா?" என்றார். தெருவைச் சொன்னாள். பிறகு தலையைப் பார்த்தார். "என்ன இது, பரட்டையா இருக்கு? கஸ்டமர் முன்னாடி நிக்கணும்ல. நேர் பண்ணிட்டு வா, பாப்போம்."

அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனிலிருந்து ஐயாயிரம் ரூபாய் பார்லருக்குப் போனது. மூக்கு எரிய, கண்ணில் தண்ணீர் வழிய நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்தது, மாதம் ஒன்பதாயிரம். நாலாவது மாதம் வேரிலிருந்து சுருட்டை எட்டிப் பார்த்தது. மேலே சுருட்டை, கீழே குச்சி. அந்த இரண்டும் சேரும் இடத்தில் முடி ஒடிய ஆரம்பித்தது. கடையில் மறுபடி "பண்ணிக்க" சொன்னார்கள். மறுபடி ஐயாயிரத்துக்கு எங்கே போவாள்? நின்றுவிட்டாள். குழுத் தவணை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே கடையில் இன்னொரு பெண் அவளைவிடச் சுருட்டையான முடியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாளாம். முதலாளிக்கு வேண்டிய வீட்டுப் பெண். அந்த முடிக்குப் பெயர் "லட்சணம்". ஒரே முடி. காலனிக்குள் இருந்தால் பரட்டை, கடைத் தெருவில் இருந்தால் கர்லி. இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரில் சொல்வது தோழர்?

முடி நமக்குப் புதிய பிரச்சினை இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 குடிமதிப்புக் கணக்கின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிந்துவைத்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இவற்றுக்கு நடுவில் இரண்டு வரிகளை மட்டும் மெதுவாகப் படியுங்கள். ஆதிதிராவிடர் எவரும் தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக்கூடாது. பெண்கள் பூவும் மஞ்சளும் பயன்படுத்தக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாகக் கூடின.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று அந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். அந்தத் தடைகள் நம் தெருவில்தான் விதிக்கப்பட்டன என்று நான் சொல்லவில்லை. ஒரே கலெக்டரின் ஆளுகைக்குள் நடந்தது என்கிறேன். இதே ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பெண் தன் கூந்தலில் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாள் விரும்பி ஏற்றார் என்பது ஊரே கொண்டாடும் கதை. மாலையில் ஒற்றை முடி கிடந்ததைப் பார்த்து அப்பா பதறினாராம், கடவுள் பதறவில்லையாம். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்கும் போகிறது. முடி பட்டது தீட்டில்லை என்று நூற்றாண்டுகளாகக் கதை சொல்லும் மாவட்டத்தில், இன்னொரு பெண் தலையில் பூ வைத்தால் குடிசை எரிந்திருக்கிறது. யாருடைய தலை என்பதுதான் எப்போதும் கேள்வியாக இருந்திருக்கிறது.

அன்று வெட்டாதே என்றார்கள், இன்று நேராக்கு என்கிறார்கள். அன்று கிராப் என்பது படித்தவன், பட்டணத்தான் அடையாளம். அது நமக்குக் கூடாது. இன்று வழுவழுப்பான நேர் முடி "ப்ரொஃபஷனல்" அடையாளம். அது இல்லாமல் நாம் வரக்கூடாது. விதி தலைகீழாகிவிட்டது, விதிக்கிறவர் மட்டும் மாறவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தம், கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் பெயர் சொல்லிக் குற்றம் என்று எழுதியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் முடி மேல் நடப்பது வன்கொடுமைதான் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் "நேர் பண்ணிட்டு வா" என்ற மூன்று சொல்லை எந்தப் பிரிவில் எழுதிக் கொடுப்பது? கையைப் பிடித்து யாரும் பார்லரில் உட்கார வைக்கவில்லை. அவளே காசு கொடுத்து உட்கார்ந்தாள். இந்தக் காலத்துத் தடை இப்படித்தான் வேலை செய்கிறது. கட்டணத்தையும் நம்மிடமே வாங்கிக்கொள்கிறது.

இங்கே நம் பக்கத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு, "சுருட்டை முடிதான் நம்ம அடையாளம், நேர் முடி அவங்களோடது" என்று பேசும் தம்பிகளைப் பார்க்கிறேன். வேண்டாம் தம்பி. அது எட்கர் தர்ஸ்டன் வேலை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்துகொண்டு ஊர் ஊராக மண்டையையும் மூக்கையும் அளந்தவர், முடி எப்படி என்பதையும் குறித்தவர், 1909-ல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளை அடுக்கியவர். ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்களவை வைத்துச் சமூக ஏணியையே கட்டினார். அம்பேத்கர் 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே மூக்களவுக் கணக்குகளை எடுத்து, தீண்டப்படாதார் தனி இனம் என்ற கதையை உடைத்துப் போட்டார். எங்கள் வீட்டிலேயே எனக்குச் சுருட்டை, என் தம்பிக்குக் கோரை முடி. எல்லாச் சாதியிலும் எல்லா முடியும் இருக்கிறது. சாதி முடியில் இல்லை, முடியைப் பார்க்கிற கண்ணில் இருக்கிறது. (என் அப்பத்தா "சுருட்டை முடி சோறு போடும்" என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தலை வாருவாள். பெரிய சோறு ஒன்றும் போடவில்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பட்டப்பெயரோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.)

சினிமாவை விட்டுவிட முடியாது. 1977-ல் '16 வயதினிலே' வந்தது. வில்லனுக்குப் பெயரே பரட்டை. அதற்கு முன்பும் அந்தச் சொல் திட்டாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகு ஊருக்கு நாலு பிள்ளைகளுக்கு அது நிரந்தரப் பெயராகிவிட்டது. ஆனால் பரட்டை என்பது உண்மையில் என்ன? நான் சமூகவியல் படித்தவள், வேதியியல் படித்தவள் இல்லை. ஆனாலும் இது பத்தாம் வகுப்புப் பாடம். சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். வாளி ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். அதே பிசுக்கு முடியிலும் படியும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நிறம் வெளிறித் தெரியும். போர் தண்ணீரை மட்டுமே நம்பி, துணிக்கும் உடம்புக்கும் தலைக்கும் ஒரே சோப்பைப் போட்ட வீடுகளின் பிள்ளைகளுக்கு முடி எப்படி இருந்திருக்கும்? அதைப் பிறவிக் குணம் என்று பெயர் வைத்தார்கள். நல்ல தண்ணீர்க் குழாய் எந்தத் தெரு வரைக்கும் வந்தது, எந்தத் தெருவோடு நின்றது என்று யாரும் கேட்கவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த நாடு இது. தலைக்குக் குளிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேசுவது அரசியல் இல்லையா தோழர்?

சுருட்டை முடி வறண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. முடி முளைக்கும் குழியே வளைந்திருக்கும். முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். மண்டையில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் சறுக்கு மரத்தில் இறங்குவது போல் நுனி வரை இறங்கிவிடும். சுருட்டையில் முதல் வளைவிலேயே நின்றுவிடும். அதனால் மண்டை பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோலாகவும் இருக்கும். அழுக்கு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. 2023-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பப் பொம்மை ஒன்றின் தலையில் நேர் முடி, அலை முடி, இறுக்கமான சுருட்டை முடி என்று விக்குகளை மாட்டி வெயிலுக்குச் சமமான சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். மண்டைக்குச் சூடு குறைவாக இறங்கியது இறுக்கமான சுருட்டையில்தான். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் வாழ்கிறவர்கள் இந்த முடிக்காக வெட்கப்படுவது வேடிக்கைதான்.

இனி பார்லருக்கு வருவோம். "ஸ்ட்ரெய்ட்டனிங்", "ஸ்மூத்தனிங்", "கெரட்டின்", "போடாக்ஸ்" என்று பெயர் மாறும். முடியை அதன் வடிவில் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து நேராகப் பூட்டுவது ஒரு வகை. மருந்தைத் தடவிச் சூட்டில் இழுத்து ஒரு பூச்சைப் படிய வைப்பது இன்னொரு வகை. எதுவாக இருந்தாலும் குழிக்குள்ளிருந்து வரும் புது முடி சுருட்டையாகத்தான் வரும். ஆகவே அது வாங்கிய பொருள் ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வாடகை. நேராக இருப்பதற்கான வாடகை.

இரண்டாவது வகை மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடுபட்டால் அதை வெளியிடும் பொருளோ இருக்கிறது. சவத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் அதன் கரைசல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லிருந்தே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயர் இருக்காது. "மெத்திலீன் கிளைகால்", "ஃபார்மலின்" என்று இருந்தால் அதுதான் இது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று விளம்பரம் செய்துவிட்டு "கிளையாக்சிலிக் ஆசிட்" வைத்திருப்பார்கள். அதனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைப் பற்றி 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டது. முடியை நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. அப்படிப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் நேர் முடியோடு போக வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கு இருந்தது என்று யோசித்தால் கணக்கு விளங்கும்.

பார்லரில் அந்த மருந்தை ஒரு நாளைக்கு மூன்று தலைக்குப் பூசி மூச்சிழுக்கும் பெண்கள் யார்? அதுவும் நம் பிள்ளைகள்தான். ஒரு தலைக்கு ஒரு நாள் எரியும், அவர்களுக்குத் தினமும் எரியும். அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று நம் அமைப்புகளில் எதுவும் இதுவரை போய்ப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, நேராக்க வேண்டாம், சுருட்டையைக் கொண்டாடு என்று இப்போது இன்னொரு கடை திறந்திருக்கிறது. லொரெயின் மாஸி என்ற பெண்மணி 2001-ல் எழுதிய 'கர்லி கேர்ள்' புத்தகத்திலிருந்து கிளம்பிய முறை. கடுமையான ஷாம்பு வேண்டாம், சிலிக்கோன் வேண்டாம், சூடு வேண்டாம். அடிப்படையில் நல்ல யோசனை, நானும் அதிலிருந்துதான் கற்றேன். ஆனால் அது இன்ஸ்டாகிராம் வழியாக நம் கைக்கு வரும்போது ஷாம்பு, கோ-வாஷ், டீப் கண்டிஷனர், லீவ்-இன், கர்ல் க்ரீம், ஜெல், பட்டுத் தலையணை உறை, டிஃப்யூசர் என்று எட்டுப் பொருளாகிவிடுகிறது. ஒவ்வொன்றும் நானூறு, அறுநூறு, எண்ணூறு. "உன் சுருட்டையை நேசி" என்று சொல்லும் அந்தக் காணொளியில் ஓடும் குழாய்க்குக் கீழே பத்து நிமிடம் நின்று முடியை அலசுகிறார்கள். மில் விடுதியில் ஒரு பிள்ளைக்கு எத்தனை வாளி, வரிசையில் எத்தனை நிமிடம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பஞ்சுத் தூசி சுருட்டைக்குள் போய் உட்கார்ந்தால் கோ-வாஷ் அதை எடுக்காது. அதற்கு நுரைக்கிற ஷாம்பு வேண்டும். அவர்கள் பட்டியல் நம் வாழ்க்கையை நினைத்து எழுதியது இல்லை.

ஆகவே அந்தத் தங்கையின் கேள்விக்கு இதுதான் என் பதில். அன்று கூட்டத்தில் சொல்ல விடவில்லை, இப்போது சொல்கிறேன்.

நானூறு ரூபாயையும் ஷாம்புவில் போடாதே தாயி. சுருட்டை முடிக்கு ஷாம்புவை விடக் கண்டிஷனர்தான் முக்கியம். ஷாம்பு மண்டைக்கு, கண்டிஷனர் முடிக்கு. சாதாரண மிதமான ஷாம்பு போதும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயைக் கேவலமாக நினைக்காதே. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவர் மகன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு பெட்டிக்கடைக் கயிறு வரைக்கும் அதைத் தொங்கவிட்டது. தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நம் அம்மாக்களின் முடியிலிருந்து அந்த வெள்ளைப் பிசுக்கை முதலில் எடுத்தது அதுதான். ஷாம்பு, சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் பிசுக்கு விடாது. சோடியம் லாரில் சல்பேட் உள்ளது வறட்டும், அவ்வளவுதான், விஷம் இல்லை. மில்லுக்குப் போகிறவள், தலை நிறைய எண்ணெய் வைக்கிறவள் வாரத்துக்கு ஒரு நாள் அதையே போடலாம், தண்ணீரில் கரைத்து, மண்டையில் மட்டும். சீயக்காய் ஒத்துக்கொண்டால் அதுவும் சரி. ஆனால் பொடி சுருட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். கரைத்து வடிகட்டி, தெளிந்த தண்ணீரை ஊற்று.

கண்டிஷனரில் காசைப் போடு. பாட்டிலின் முன்பக்கம் படிக்காதே, பின்பக்கம் படி. 2020 அழகுசாதன விதிகளின்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கம் தேங்காய்ப்பால், அவகாடோ, ஆர்கன் என்று படம் போட்டிருப்பான். பின்பக்கம் அது வாசனைப் பொருளுக்கும் பின்னால் கிடந்தால், நீ படத்துக்குக் காசு கொடுக்கிறாய் என்று அர்த்தம். முதல் நாலைந்து பெயர்களுக்குள் "சிட்டைல் ஆல்கஹால்", "சிட்டியரில் ஆல்கஹால்" இருந்தால் பயப்படாதே. பேரில்தான் ஆல்கஹால், அது வழுவழுப்புத் தரும் மெழுகு போன்ற பொருள். "பெஹென்ட்ரைமோனியம்", "சிட்ரைமோனியம்" என்று தொடங்குவது சிக்கெடுக்கும் பொருள். இவை இருந்தால் நூற்றைம்பது ரூபாய்ப் பாட்டிலும் எண்ணூறு ரூபாய்ப் பாட்டிலும் செய்யும் அடிப்படை வேலை ஒன்றுதான். "கோன்" என்று முடிவது சிலிக்கோன். பளபளப்புத் தரும், மெல்ல மெல்லப் படியும், கோ-வாஷில் போகாது, நுரைக்கிற ஷாம்புவில் போய்விடும். வாரம் ஒருமுறை நீ ஷாம்பு போடுகிறாய் என்றால் அதற்காக ஒரு பாட்டிலை ஒதுக்க வேண்டியதில்லை.

முடி முழுக்க ஈரமாக, கண்டிஷனர் வழுக்கும்போதே சிக்கெடு. விரலால் முதலில், பிறகு பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே. காய்ந்த சுருட்டையில் சீப்பு போட்டால் வெடித்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் நமக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் காய்ந்த சீப்புதான். கடைசி அலசுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஒதுக்க முடிந்தால் ஒதுக்கு, உப்பு அப்படியே காயாது. துண்டால் தேய்க்காமல் பழைய காட்டன் பனியனால் ஒற்று.

ஜெல்லுக்குக் காசே வேண்டாம். நாலு மேசைக்கரண்டி ஆளி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துக் கிண்டு. பத்து நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பாகும். சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும், ஆறினால் விதை விடாது. வடிகட்டத் துணி எது தெரியுமா? சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்காரிகளுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மருத்துவமனைகளுக்குத் துணி நெய்து அனுப்பும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்பெட்டி இருந்தால் ஒரு வாரம் வரும், இல்லாவிட்டால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குச் செய். ஈர முடியில் பூசிக் கசக்கி விட்டுவிடு. தேங்காய் எண்ணெயைக் குளித்த பின் வழிய வழிய வைப்பதை விட, குளிக்கும் முன் வை. அது முடிக்குள் இறங்கிப் புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் ஆய்வு வந்தது. செய்தது எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆட்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்பத்தா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காரும்போது இதெல்லாம் சொல்லவில்லை, மடியில் தலையை வைத்துத் தேய்த்தாள்.

ஒடிந்துபோன பகுதியை எந்த எண்ணூறு ரூபாய்ப் பாட்டிலும் ஒட்டாது. "ரிப்பேர்" என்று எழுதியிருப்பது பூச்சு வேலை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடு. பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ளலாம் என்று பெரியார் எப்போதோ சொல்லிவிட்டார், உனக்கு அது பிடித்தால் அப்படியே வெட்டு. பிடிக்காவிட்டால் வளர்த்துக்கொள். நேராக்கத்தான் பிடித்திருக்கிறது என்றால், வேலைக்காக இல்லாமல் உனக்காகத்தான் என்று உனக்கே நிச்சயம் என்றால், மருந்தின் பெயரைக் கேட்டு, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய். உன்னைத் துரோகி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சீருடை போல இன்னொரு தலையலங்காரத்தை நம் பக்கத்திலிருந்தும் விதிக்க நான் வரவில்லை.

இப்போது மறுபடி தோழரிடம். உங்கள் சிரிப்பில் ஒரு நியாயமான பயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசியல் அலங்காரமாகிவிடும் என்ற பயம். ஏஞ்சலா டேவிஸுக்கே அது நடந்தது. 1970-ல் அமெரிக்க அரசு அவரைத் தேடப்படுபவராக அறிவித்து ஒட்டிய சுவரொட்டியில் அவர் ஆஃப்ரோ முடி உலகத்துக்கே தெரிந்தது. இருபத்து நான்கு வருடம் கழித்து, ஒரு தலைமுறை தன்னை வெறும் ஹேர்ஸ்டைலாக நினைவு வைத்திருப்பதைக் கசப்போடு எழுதினார். அந்தக் கசப்பை மதிக்கிறேன். ஆனால் அதே சுவரொட்டியைச் சாக்காக வைத்து, ஆஃப்ரோ வைத்திருந்த மற்றப் பெண்களையும் போலீஸ் நிறுத்தித் தொல்லை கொடுத்தது என்பதையும் அவர்தான் எழுதினார். அவர்களுக்கு அது ஃபேஷனாகவா இருந்தது? 2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள் முடி விதிகளை எதிர்த்துப் போராடினார்கள். முன்னால் நின்ற ஸுலைக்கா பட்டேலுக்கு வயது 13. "படிப்பைப் பாருங்க, முடியை விடுங்க" என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

மகாத்தில் 1927 டிசம்பரில் கூடியிருந்த பெண்களிடம் அம்பேத்கர் தனியாகப் பேசினார். சேலையை எப்படிக் கட்டுவது, கையிலும் கழுத்திலும் கனக்கிற எந்த நகையைக் கழற்றுவது என்று பேசினார். மனு ஸ்மிருதியை எரித்த அதே மாநாட்டில். புடவைக் கட்டைப் பற்றிப் பேசியது மேட்டுக்குடிப் பேச்சு என்று அங்கே யாரும் சிரித்ததாக நான் படிக்கவில்லை. ஒருவேளை அதைச் சமஸ்கிருதமயமாக்கல் என்று எம்.என். ஸ்ரீனிவாஸ் கோட்பாட்டில் போட்டு அடைக்கலாம், என் எம்.ஏ. வகுப்பில் அடைத்தார்கள். மேல் சாதியைப் போலச் செய்வதும், மேல் சாதி நமக்கு மறுத்ததை எடுத்துக்கொள்வதும் ஒன்று என்று அன்றைக்கு எழுதிய பரீட்சையில் நானும் எழுதி மார்க் வாங்கினேன். இன்றைக்கு எழுத மாட்டேன்.

செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் சோப்பு, எண்ணெய் போன்ற செலவுக்கென்று பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தொகை உண்டு. நம் வட்டத்தில் மூன்று பேர் விடுதிப் பிள்ளைகள். அந்தத் தொகை உங்கள் கைக்கு வருகிறதா, எந்த மாதம் வந்தது, அதில் என்ன வாங்க முடிந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். விடுதியில் தலைக்குக் குளிக்க எந்தத் தண்ணீர் என்பதையும் எழுதுங்கள். ஜவுளிக்கடை, மருத்துவமனை, செல்போன் கடை எங்கே வேலை கேட்டுப் போனபோதும் முடியைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். இருபது வாக்கியம் சேர்ந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோகலாம். ஒன்று மட்டும் இருந்தால் "தற்செயல்" என்பார்கள்.

அடுத்த கூட்டம் இரண்டாவது ஞாயிறு, அதே இடம், பத்து மணி. முதல் அரை மணி நேரம் முடிதான். ஆளி விதையும் அடுப்பும் என் பொறுப்பு, பேண்டேஜ் துணி அந்தத் தங்கை கொண்டுவருகிறாள். தோழர், நீங்களும் வாருங்கள். உங்களுக்கு முன்மண்டையில் முடி இல்லாவிட்டாலும் வடிகட்ட இன்னொரு கை வேண்டும்.